சுத்தமான பிறகு

மகளைத் திருப்பித் தருவதற்கு என் மனைவியின் அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உங்க உடம்பு சுத்தமாகட்டும் தம்பி. அப்புறம் புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. நானா பிடிச்சு வச்சுக்கப் போறேன்?"

இதைச் சொன்னபோது அவள் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எனக்கு சொரியாசிஸ். கல்லூரியில் படிக்கும்போது முழங்கையில் தொடங்கியது. தோல் சிவந்து தடிக்கும். மேலே செதில் செதிலாக வெள்ளையாக உதிரும். தொற்றாது. "தொற்றாது" என்று நான் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் போவார். சொல்லாமல் இருந்தால் அரை அடிதான் போவார். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன்.

என் மனைவியிடம் மட்டும் கல்யாணப் பேச்சு நடந்தபோதே சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "இவ்வளவுதானா? நான் குறட்டை விடுவேன்" என்றாள். அதற்குப் பிறகு தினமும் குளித்து வந்ததும் என் முதுகுக்கு அவள்தான் மருந்து தடவினாள்.

போன வருடம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு நடந்தே போனாள். கொசு கடித்து வரும் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கின. கையிலும் நெஞ்சிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் தோலுக்கு மட்டும் உறைத்தது. முழங்கையிலும் முதுகிலும் அங்கங்கே இருந்தது வயிறு, தொடை என்று உடம்பெல்லாம் பரவியது. அப்போதுதான் அக்கா வந்து, "பத்து நாள் நான் வச்சுக்கறேன் தம்பி, நீங்க தேறி வாங்க" என்று சுண்டுவைக் கூட்டிக்கொண்டு போனாள். சுண்டு என் மகள். ஐந்து வயது. சுண்டுவிரல் அளவு பிறந்தாள் என்று அவள் அம்மா வைத்த பெயர். நான் தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். பத்து நாள் மாதங்களாயிற்று.

மனைவி அவளை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவளுடைய பிள்ளைகள் இருவரும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மூன்று அறை வீடு. அதில் அவளும் என் சகலையும் மட்டும். சகலை நல்ல மனிதர். மனைவி சமையலறைக்குப் போன பிறகு மட்டும் பேசும் நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். எனக்கென்று கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கென்று ஒரு தம்ளர், விளிம்பில் நசுங்கியது. சுண்டு எதிரில் சோபாவில் உட்கார்ந்து தான் வரைந்த படங்களைத் தூக்கிக் காட்டுவாள்.

"அங்கிருந்தே காட்டு கண்ணு. அப்பாவுக்குத் தூரப்பார்வை நல்லா இருக்கு" என்பாள் அக்கா.

கிளம்பி நான் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். நாற்காலியைக் கழுவுவாள். நான் தெருமுனை திரும்பும்வரைகூடப் பொறுக்காது.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் தெருவிலேயே இருக்கும் பள்ளியை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சீருடைக்கு அளவும் கொடுத்தாகிவிட்டது. அங்கே சேர்ந்துவிட்டால் சுண்டு அங்கேதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் நான் சுத்தமாக வேண்டும்.

தோல் மருத்துவர் ஒளி சிகிச்சை என்றார். "வாரத்துக்கு மூணு தடவை. இடையில விட்டுட்டு விட்டுட்டு வந்தா பலன் இல்லை" என்றார்.

மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு அறை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே சுற்றிலும் டியூப் லைட்டுகள் செங்குத்தாக நிற்கும். உள்ளாடையோடு உள்ளே போக வேண்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கைகளைத் தூக்கி மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், போலீஸ் மடக்கியவன் மாதிரி. கதவு சாத்தியதும் மின்விசிறி சுற்றும், நீலமாக வெளிச்சம் வரும். முதல் நாள் ஒரு தும்மல் போடும் நேரத்தில் அணைந்துவிட்டது.

"இதுக்கா அரை நாள் லீவு போட்டு வந்தேன்?" என்றேன்.

அந்த அறைக்குப் பொறுப்பான நர்ஸை எல்லோரும் லைட் சிஸ்டர் என்றார்கள். "முதல் நாளே ஏத்திவிட்டா நீங்க வெந்துதான் வெளிய வருவீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். நாளைக்கு எங்கயாவது எரிஞ்சா, செவந்தா, மறைக்காம சொல்லணும்" என்றாள். பிறகு முதுகைப் பார்த்தாள். "இவ்வளவு செதிலா இருந்தா வெளிச்சம் அதோடயே நின்னுடும். வரதுக்கு முன்னாடி லேசா எண்ணெய் தடவிட்டு வாங்க."

"முதுகுக்கு எட்டாது."

"வீட்டுல தடவிவிடச் சொல்லுங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு நீளமான மரக்கரண்டியின் முனையில் பழைய பனியனைச் சுற்றிக் கட்டினேன். அதுதான் தடவிவிட்டது.

வெளியே பெஞ்சில் எப்போதும் ஒரு முடிதிருத்துபவர் உட்கார்ந்திருப்பார். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இதே வியாதி, கையிலும் தலையிலும். நான் பெட்டியிலிருந்து வெளியே வந்தால், "இன்னைக்கு எத்தனை விசில் தம்பி?" என்பார்.

"பாதிகூட வேகலைண்ணே."

"எனக்குத் தலையிலயே உக்காந்திருக்கு பாரு. முடி வெட்டறவனுக்குத் தலையில வந்தா, சமையல்காரனுக்குப் பேதி வந்த மாதிரி. ஒருத்தன் கிட்ட வரமாட்டான். என் தலையிலருந்து என்னவோ பனி கொட்டுதாம். அவன் தலையில இருக்கறது பேனு. அதை நான் ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?"

ஒருநாள் அவரிடம் மகளைப் பற்றிச் சொன்னேன். நிபந்தனையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சுத்தமானாத்தான் தருவாங்களா? புள்ளைய என்ன அடகா வச்சிருக்க?"

"அவங்களுக்குப் பயம்ணே."

"பயம் அவங்களுக்கு, தண்டனை உனக்கா? நல்ல நியாயம்டா. நீயும் எண்ணெயத் தடவிக்கிட்டு, கையத் தூக்கிக்கிட்டு நிக்கறே."

அன்று பெட்டிக்குள் நிற்கும்போது கோபம் வந்தது. அழுகை வரும் என்று எல்லோரும் சொல்லி, நானும் காத்திருந்து, வராமல் போன இடத்தில் அதுதான் முதலில் வந்தது. நாற்காலியைக் கழுவும் சத்தம் காதில் கேட்டது. நசுங்கிய தம்ளர். "தூரப்பார்வை நல்லா இருக்கு." வெளிச்சம் அணைந்து சிஸ்டர் கதவைத் திறந்தபோது, "என்ன சார், எரியுதா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"எங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஆனால் வெளிச்சம் தன் வேலையைச் செய்தது. செதில் உதிர்வது குறைந்தது. காலையில் படுக்கையை உதறினால் எதுவும் விழவில்லை. தடிப்பு தட்டையாயிற்று, சிவப்பு வெளுத்தது. பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருக்கும்போது, விரலால் தடவினால் எங்கே வியாதி இருந்தது என்று தெரியாத அளவுக்குத் தோல் வழவழவென்று ஆகியிருந்தது.

கண்ணால் பார்த்தால் தெரிந்தது. நான் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் பொருத்தும் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிற வித்தியாசம் என் கண்ணிலிருந்து தப்பாது. கண்ணாடி முன் நின்றபோது, ஒரே சுவருக்கு இரண்டு தடவை கலக்கிய பெயிண்டை அடித்தது போல இருந்தது. வெளிச்சம் பட்டு உடம்பு முழுவதும் நன்றாகக் கறுத்திருந்தது. வியாதி இருந்த இடங்கள் மட்டும் கறுக்காமல், வெளிறிய திட்டுகளாக நின்றன.

மருத்துவரிடம் காட்டினேன். "இது வியாதி இல்லை, வியாதி போன தடம். சில மாசத்துல ரெண்டும் ஒண்ணாயிடும். நல்லா குணமாயிருக்கு" என்றார்.

நல்லா குணமாயிருக்கு. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். பல வருடங்களுக்குப் பிறகு அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். புதிது.

கதவைத் திறந்தது சகலை. என் கையைப் பார்த்தார். "என்ன சகலை, உங்க கம்பெனி கலர் கார்டை உடம்புலயே ஒட்டிக்கிட்டீங்களா?" என்றார். நானும் சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்தது.

நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"அக்கா, பாருங்க. போயிடுச்சு."

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். பார்த்தாள். புடவைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று.

"என்ன தம்பி இது. வெள்ளை விழுந்திருக்கு."

"வெள்ளை இல்லக்கா. மத்த இடம் கறுத்திருக்கு. அதான் இது வெளுப்பாத் தெரியுது."

"வெண்குஷ்டம்" என்றாள் சகலையைப் பார்த்து. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்தியது எனக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக.

"அது வேற, இது வேறக்கா. அதுவும் தொத்தாது. டாக்டரே சொல்லிட்டார். குணமாயிடுச்சு. தொட்டுப் பாருங்க, செதில் இருக்கா? தடிப்பு இருக்கா?"

கையை அவள் பக்கம் நீட்டினேன். அவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முன்னாடி செவப்பா இருந்துச்சு. இப்ப வெள்ளையாயிருக்கு. இதுக்குப் பேரு சுத்தமா? நீங்க படிச்சவங்க, எதை வேணாலும் எப்படி வேணாலும் சொல்வீங்க. எனக்குக் கண்ணு இருக்கு. புள்ள இந்த வருஷம் இங்கயே படிக்கட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அப்ப நீங்க சொன்னது?"

"சுத்தமான பிறகுன்னுதானே சொன்னேன்."

சுண்டு உள்ளறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். தலையை இறுக்கி வாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். நான் உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தேன்.

"சுண்டு, இங்க வா. அப்பா கையைப் பாரு. எல்லாம் போயிடுச்சு. தொடலாம்."

அவள் வரவில்லை. பெரியம்மாவைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்பா."

"ஏம்மா?"

"அம்மா தொட்டாங்கல்ல. அதான் செத்துப் போயிட்டாங்க."

குழந்தைகள் மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். சகலை தரையைப் பார்த்தார். நான் எழுந்து அக்காவைப் பார்த்தேன். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலை" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "என் கண்ணால பார்த்தேன். அவ கையெல்லாம், நெஞ்செல்லாம் செவப்பு செவப்பா. தினம் உங்க முதுகுல மருந்து தடவின கை தம்பி அது."

"அது காய்ச்சல்க்கா. தட்டணு இறங்கினா தோலுக்கடியில ரத்தம் கசியும். டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னார்."

"டாக்டர் ஆயிரம் சொல்வார். ஊர்ல எல்லாருக்கும்தான் காய்ச்சல் வருது. எந்திரிச்சு வராங்க. என் தங்கச்சி மட்டும் ஏன் போகணும்?"

அது என்னுடைய கேள்வியும்தான். ஒவ்வொரு நாளும் பல் தேய்க்கும்போது அதைக் கேட்டுக்கொண்டுதான் வாயைக் கொப்பளிக்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு ஐந்து வயதுக் குழந்தையிடம் அவள் அப்பாவை அம்மாவைக் கொன்றவனாக்கிக் கொடுக்க எனக்குத் தோன்றியதில்லை. இவளுக்குத் தோன்றியிருக்கிறது. இத்தனை மாதம், நான் பெட்டிக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும், இங்கே இது ஊட்டப்பட்டிருக்கிறது. என் தோல் தங்கமாகவே மாறி வந்தாலும் இவளுக்கு நான் சுத்தமாக மாட்டேன்.

"சுண்டு, செருப்பைப் போட்டுக்க. வீட்டுக்குப் போறோம்."

"தொடாதீங்க அவளை" என்றாள் அக்கா. உள்ளறை வாசலில் குறுக்கே வந்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சுண்டு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"வழி விடுங்கக்கா."

"மாட்டேன்."

நான் கத்தவில்லை. என் வலது கையை, அரைக்கைச் சட்டைக்கு வெளியே வெளிறிய திட்டுகளோடு இருந்த அந்தக் கையை, அவள் முகத்துக்கு நேராக மெதுவாகக் கொண்டுபோனேன். தொடும் எண்ணம் இல்லை. அவளுக்கு அது தெரியாது. கன்னத்துக்குப் பக்கத்தில் கை வந்ததும் அவள் சட்டென்று விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வழி கிடைத்தது. இத்தனை வருடத்தில் அந்த வியாதி எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான். வெட்கமாக இல்லை. இப்போதும் இல்லை.

சுண்டுவைத் தூக்கினேன். அழுதாள். அடம் பிடிக்கும் அழுகை எனக்குத் தெரியும், இது அது அல்ல. பயம். என் மேல் படாமல் இரண்டு கைகளையும் விறைத்துத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். இறக்கிவிட்டால் திரும்பவும் ஒரு வருடம். தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மேலே அக்கா என் மனைவியின் பெயரைச் சொல்லி அழும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

சகலை பின்னாலேயே ஓடி வந்தார். ஒரு கையில் குழந்தையின் செருப்பு, மறு கையில் அவசரமாகத் துணிகளைத் திணித்த பை.

"இது தப்புன்னு நான் அப்பவே சொன்னேன் சகலை" என்றார் மூச்சு வாங்க.

"யார்கிட்ட?"

அவர் யோசித்தார். "மனசுக்குள்ளதான்" என்றார்.

பையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டேன்.

பேருந்தில் கூட்டம் இல்லை. சுண்டு சன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"அப்பா, நான் செத்துடுவேனா?"

"மாட்டே."

"நீங்க தொட்டுட்டீங்களே."

"நீ பொறந்தப்ப உன்னைக் கையில வாங்கினது நான்தான். அப்ப இந்தக் கையெல்லாம் செவப்பா இருந்துச்சு. நீ செத்தியா?"

அவள் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "இல்ல."

"அம்மா காய்ச்சல்ல போனாங்க. கொசு கடிச்சு வர காய்ச்சல். அப்பாகிட்டருந்து வரலை."

"அப்ப பெரியம்மா பொய் சொன்னாங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. ஆனால் இத்தனை மாதம் இவளுக்குச் சோறு போட்டு, தலை வாரிவிட்டவள். அந்த ஆளையும் இவளிடமிருந்து பிடுங்கினால் நானும் அக்கா செய்ததைத்தான் செய்கிறேன்.

"தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எனக்கும் உங்களை மாதிரி வருமா?"

"தொத்தி வராது. என் பொண்ணுங்கறதால பெரிய புள்ளையானதும் வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம்." குழந்தையிடம் சொல்லும் பதிலா என்று தெரியவில்லை. இவளிடம் பொய் சொன்னது போதும் என்று இருந்தது.

கைபேசி அடித்தது. சகலையின் எண். எடுத்தால் அக்காவின் குரல், அழுது கட்டிப்போயிருந்தது.

"தூக்கத்துல முழிச்சா லைட்டைப் போடாதீங்க, பயந்துக்குவா. முதுகைத் தட்டிக் குடுத்தா தூங்கிடுவா. பால்ல சர்க்கரை கொஞ்சமாப் போடுங்க."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. போன வருடம் அவள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இந்த வருடம் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தட்டுங்க தம்பி" என்றாள்.

இணைப்பைத் துண்டித்தேன். மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். காது சுட்டது. எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், எதையாவது இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சுண்டுவுக்குத் தூக்கம் சொக்கியது. சன்னல் கம்பியில் தலை முட்டி முட்டி விழித்தாள். நடுவிலிருந்த பையைத் தானே எடுத்துக் கீழே வைத்தாள். என் கையைப் பார்த்தாள்.

"சாஞ்சுக்கவா?"

"சாஞ்சுக்க."

"மேல ஏதாச்சும் போட்டுக்கங்க."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். உதறினேன், கொஞ்சம் வேகமாகவே. பிறகு மடிப்பில்லாமல் விரித்து என் கையின் மேல் போட்டேன். அவள் நாலு முனையும் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, அதன் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. கன்னம் கையிலேயே இருந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.